கன்னத்துச் சிவப்பு

இளையவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அவள் கொண்டுபோன சான்றிதழ்களை முதலாளி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த ஒரு ஃப்ரேமை எடுத்துக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டாள். நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துவிடு என்றார்.

மூத்தவளுக்கு வேலை கிடைக்கப் பதினோரு மாதம் ஆயிற்று. மதிப்பெண் என்று பார்த்தால் தங்கையைவிட அவளுக்குத்தான் அதிகம். ஆனால் போன இடத்திலெல்லாம் உடம்பு சரியில்லையா, சரியாகச் சாப்பிடுவதில்லையா என்று கேட்டுவிட்டுப் பிறகு சொல்லியனுப்புவதாகச் சொன்னார்கள். உள்ளே போன கண், அதைச் சுற்றிக் கருவளையம், வற்றிய கன்னம், வெளிறிய உதடு. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு அவளுக்கு. அதை யார் நம்பினார்கள்? கடைசியில் பல் செட் செய்கிற ஒரு லேபில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது மாடி. மாஸ்க் கட்டிக்கொண்டு, பிளாஸ்டர் தூளுக்கு நடுவில், யாருடையது என்று தெரியாத தாடை அச்சுகளில் மெழுகு வைத்துப் பல் பல்லாக நட வேண்டும். வெளியாள் யாரும் மேலே வருவதில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது அவர்கள் அம்மாவுக்கு வேதவாக்கு. அந்த ஒரு வரியை நம்பித்தான் கல்யாணமே செய்துகொண்டாள். ராஜா மாதிரி இருந்த அந்தப் புருஷன், சின்னவளுக்கு மூன்று வயதாகும்போது கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவன், எந்தக் கடை என்று இன்றுவரை தெரியவில்லை. அப்போதும் அம்மா தன் கொள்கையை விடவில்லை. அவர் முகத்தில் கபடமே கிடையாது, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்பாள். மகள்களை வளர்த்ததும் அந்தக் கணக்கில்தான். மூத்தவளுக்கு டானிக் வாங்கி வாங்கிக் கொடுத்தாள். இளையவளைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை.

இளையவளுக்கு இருபத்திரண்டு வயது வாக்கில் கன்னத்தில் ஒரு சிவப்பு வந்தது. அதற்கு முன்னாலும் அழகிதான். ஆனால் இது வேறு மாதிரி. இரண்டு கன்னத்து எலும்பின்மேலும் யாரோ குங்குமப்பூவைக் கரைத்துத் தொட்டு வைத்ததுபோல. என்ன பூசுகிறாய் என்று கடைக்கு வருகிற பெண்கள் கேட்டார்கள். ஒன்றும் பூசவில்லை என்றால் நம்பவில்லை. அவள் போட்டுக் காட்டுகிற ஃப்ரேம் எதுவானாலும் விற்றது. முதலாளி அவளை உள் மேசையிலிருந்து வாசலுக்கு நேரே இருக்கிற மேசைக்கு மாற்றினார்.

அவள் கட்டிக்கொண்டது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. கடையின் ஸ்டோர் அதே கட்டிடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. ஒருநாள் லிஃப்ட் நடுவில் நின்று அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள். வெளியிலிருந்து ஒருவன் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே கதவைத் திறக்கிற வேலையைச் செய்தான். இப்போது இந்த நட்டைக் கழற்றுகிறேன், இப்போது ஒரு சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்தான். முதலில் அவள் கேட்டது குரலைத்தான். கதவு திறந்த பிறகு பார்த்த முகம் அம்மைத் தழும்பு நிறைந்த முகம். மூக்கு ஒருமுறை உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. புருவத்தில் வெட்டுக்காயம். பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை கடைசியில்தான் நிரம்பும். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது, சுயவிருப்பத்தோடுதான் வந்திருக்கிறாயா என்று குமாஸ்தா அவளிடம் மட்டும் இரண்டு தரம் கேட்டார். அம்மா மூன்று மாதம் மகளோடு பேசவில்லை. முகத்தைப் பார்த்தால் கொலைகாரன் மாதிரி இருக்கிறது என்று மூத்தவளிடம் சொல்லி அழுதாள்.

வாடகைக்குக் கிடைத்தது நான்காவது மாடி வீடு. பழைய கட்டிடம், லிஃப்ட் கிடையாது. ஊருக்கெல்லாம் லிஃப்ட்டை ஓட வைக்கிறவன் பெண்டாட்டியைப் படி ஏற விட்டிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அவன்தான் முதலில் கவனித்தான். அவள் ஒவ்வொரு மாடியிலும் நின்று அந்தந்த வீட்டுக்காரர்களிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்தாள். பேசப் பிடித்துப் பேசுகிறாள் என்று நினைத்தான். ஒருநாள் இரண்டாவது மாடியில் ஒரு வீடும் திறந்திருக்கவில்லை. அவள் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவனுக்கு விளங்கியது. பிறகு தலையணை ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. மல்லாந்து படுத்தால் யாரோ நெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாள்.

அந்தப் பகுதியில் பெயரெடுத்த டாக்டர் ஒருவர் இருந்தார். வயது முப்பத்தைந்துக்குள். நல்ல உயரம், எடுப்பான முகம். அவரைப் பார்த்தாலே பாதி நோய் போய்விடும் என்பார்கள். அம்மாவும் அவரிடம்தான் போவாள், அவரிடம்தான் போக வேண்டும் என்றும் சொன்னாள். மெக்கானிக் அங்கே கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் இளையவளைப் பார்த்ததும் சிரித்தார். இந்த முகத்தோடு வந்து நோயாளி என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டார். ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைக்கு மேலேயே வைத்து இரண்டு தரம் மூச்சு விடச் சொன்னார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார், கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார். கதவைச் சாத்திவிட்டு அவளிடம் தாழ்ந்த குரலில், வீட்டில் அடிக்கிறாரா, பயமுறுத்துகிறாரா, எதுவானாலும் தைரியமாகச் சொல் என்று கேட்டார். அவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர் புரிந்துகொண்டவர்போல் தலையசைத்தார். பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

"என் மூஞ்சி அப்படி. அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு" என்றான்.

இன்னும் இரண்டு தரம் அவரிடமே போனார்கள். வேறொரு டாக்டரிடமும் போனார்கள். அவர் வைட்டமின் எழுதினார். புருஷன் பேசினால் எடுபடவில்லை. இவன் எதையோ மறைக்கத்தான் இவ்வளவு அக்கறை காட்டுகிறான் என்று எதிராளிக்குத் தோன்றிவிடுகிறது. இளையவள் பேசினாலும் எடுபடவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போ, அவர்கள் நிதானமாக எடுத்துச் சொல்வார்கள் என்று அவன்தான் யோசனை சொன்னான்.

அவள் அக்காவைத் தேடி லேபுக்கு வந்தது ஒரு நடுப்பகலில். அன்று காலையில் லேபில் விளம்பரப் பிரசுரத்துக்காக எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். எட்டுப் பேர் வேலை செய்கிற இடம். ஏழு பேர் நின்றார்கள். உனக்குத்தான் கை ஆடாது, நீ எடும்மா என்று மூத்தவள் கையில் கேமராவைக் கொடுத்தார் மேனேஜர். பிரியமாகத்தான் சொன்னார். அவளும் கை ஆடாமல் எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரமாக ஒரு கீழ்த்தாடைக்குப் பல் நட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பல்கூட நேராக நிற்கவில்லை.

தங்கை வந்திருப்பதாகச் சொன்னார்கள். வெளியே வந்தாள். இளையவள் படிக்கட்டின் மேல்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

"இரு அக்கா, மூச்சு வாங்குது" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்ட என்கூட வர்றியா? நாங்க சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு. நீ சொன்னா கேப்பாரு."

மூத்தவள் மாஸ்க்கைக் கழற்றவில்லை. "உனக்கு என்னடி நோய்? போய்க் கண்ணாடியில மூஞ்சியப் பாரு, ரோஜாப்பூ மாதிரி இருக்க. சீக்கு வர்றதெல்லாம் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு. அதையும் எங்களுக்கு விட்டு வைக்க மாட்டியா?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். இளையவள் கோபித்துக்கொள்ளவில்லை. அக்காவின் முகத்தையே ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி, வேலையைப் பார், நான் வருகிறேன் என்று கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். இறங்குகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. மூத்தவள் உள்ளே போய்ப் பாலிஷ் மோட்டாரைப் போட்டாள்.

அடுத்த இரண்டு மாதத்தில் இளையவள் உண்டானாள். அதன் பிறகு யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மூச்சு வாங்கினால் பிள்ளைத்தாய்ச்சிக்கு வாங்கத்தான் செய்யும் என்றார்கள். கால் வீங்கினால் அதுவும் உள்ளதுதான் என்றார்கள். முகம் பூரித்துக் கிடக்கிறது, பெண் குழந்தைதான் என்று அம்மா சொன்னாள். அவளே மனம் இளகி மருமகனோடு பேச ஆரம்பித்ததும் அப்போதுதான். மெக்கானிக் மட்டும் வேலைக்குப் போகும்போது அவளை நான்கு மாடியும் பிடித்து இறக்கிவிட்டுப் போவான், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போவான். சில நாள் தூக்கிக்கொண்டே ஏறினான். வேலையை விடு என்றான். உட்கார்ந்து செய்கிற வேலைதானே, ஏழு முடியட்டும் என்றாள்.

ஏழாவது மாதம், காலை பதினொரு மணி. வயதான ஒருவருக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தாள். நேராக என்னைப் பாருங்கள் என்று சொன்னவள் இருமினாள். திரும்பிக்கொண்டு மறுபடி இருமினாள். லென்ஸ் துடைக்கிற துணியை வாயில் வைத்தாள். துணியில் இளஞ்சிவப்பாக நுரை. உதட்டுச் சாயம் என்று நினைத்ததாக அந்தப் பெரியவர் பிற்பாடு சொன்னார். அவள் நாற்காலியிலிருந்து சரிந்த பிறகுதான் முதலாளி ஓடி வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது வயதான ஒரு பெண் டாக்டர். தடித்த கண்ணாடி போட்டவர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இடம் மாற்றி மாற்றி வைத்து வெகுநேரம் கேட்டார். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றான் மெக்கானிக். யாரிடமும் காட்டவில்லையா என்றார்.

"காட்டினோம்மா. எல்லாரும் மூஞ்சியத்தான் பாத்தாங்க."

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, ரத்தம் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது என்று அவர் அம்மாவிடமும் மூத்தவளிடமும் விளக்கினார். குழந்தை உண்டானது இதயத்துக்குத் தாங்க முடியாத பாரம். முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த வால்வை விரித்துவிட்டிருக்கலாம், பெரிய விஷயமே இல்லை. அம்மாவுக்கு ஒன்றும் ஏறவில்லை. முகம் இவ்வளவு தெளிச்சியாக இருக்கிறதே, கன்னத்தில் ரத்தம் ஓடுகிறதே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார்.

"அந்தச் சிவப்பு ஆரோக்கியம் இல்லம்மா. அதுவே இந்த நோயோட அடையாளம்தான்" என்றார்.

பிறகு அவர் வழக்கமாகக் கேட்கிற ஒரு கேள்வியைக் கேட்டார். சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, அப்புறம் மூட்டு வீங்கியதா? அம்மா யோசித்தாள். ஆமாம், சின்னவளுக்கு ஏழு வயதில். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் தொண்டைக் காய்ச்சல் வந்தது. பத்து நாளைக்கு மருந்து கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு பாட்டில். மூன்றாம் நாளே சின்னவள் முகம் கழுவி விட்டாற்போலத் தெளிந்துவிட்டது, விளையாட ஓடிவிட்டாள். பெரியவள் முகம் அப்போதும் வாடியே கிடந்தது. அதனால் சின்னவள் பாட்டிலில் மிச்சமிருந்ததையும் பெரியவளுக்கே கொடுத்துவிட்டேன். பிறகு சின்னவள் முட்டி வலி என்றாள், வளர்கிற பிள்ளை என்று விட்டுவிட்டேன். ஏதோ சிக்கனமான காரியத்தைச் சொல்கிறவள்போல இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்த அம்மா, முட்டி வலி என்ற இடத்தில் நின்றுவிட்டாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். தான் என்ன சொன்னோம் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை.

அந்தக் காய்ச்சலுக்கு மருந்து பாதியில் நின்றால் பிற்பாடு வால்வு கெடும் என்று பலருக்குத் தெரியாது, உங்கள் மேல் தப்பில்லை, அந்தக் காலத்தில் பல வீட்டில் அப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். மூத்தவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேருடைய மருந்தும் அவள் ஒருத்தி உடம்புக்குள் போயிருந்தது.

அன்று சாயங்காலமே வலி எடுத்துவிட்டது. குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. அது அழவில்லை. இளையவள் இன்னும் நான்கு நாள் இருந்தாள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க். தினம் ஒரு மணி நேரம் உள்ளே விட்டார்கள். மூத்தவள் தன் நேரத்தில் போய் நின்று, அன்றைக்குப் படிக்கட்டில் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று யோசிப்பாள். தங்கையின் கண் திறந்திருக்கும்போது வாய் வராது. வாய் வருகிறபோது கண் மூடியிருக்கும். இந்த முகத்துக்கு ஒன்றும் ஆகாது, எழுந்து உட்காரப் போகிறாள் பாருங்கள் என்று நர்ஸ் ஆறுதல் சொன்னாள். ஐந்தாம் நாள் விடிவதற்கு முன்னால் போய்விட்டாள். வந்து பார்த்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், தூங்குகிற மாதிரியே இருக்கிறது, அந்தக் களை போகவே இல்லை என்றார்கள். மூத்தவளுக்கு அவர்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவள் அந்த எடுப்பான முகக்காரரிடம் போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் போனாள். டோக்கன் வாங்கி, காத்திருந்து, உள்ளே போய் உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து வந்து அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, ரத்தம் பார்க்க வேண்டும், இசிஜி எடுக்க வேண்டும், இதையெல்லாம் அலட்சியமாக விடக் கூடாது என்று கனிவாகச் சொல்லி எழுத ஆரம்பித்தார்.

தனக்கு ஒன்றுமில்லை என்றாள் மூத்தவள். தங்கையின் அடையாளம் சொன்னாள். அவருக்கு உடனே நினைவு வந்தது. "அந்த லிஃப்ட் மெக்கானிக் வொய்ஃபா? எப்படி இருக்காங்க? அந்தாள் இன்னும் தொந்தரவு குடுக்கறாரா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். வால்வு, குழந்தை, நான்கு நாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். நிஜமாகவே கலங்கிப்போனார். அந்தக் கலக்கமும் அவர் முகத்துக்குப் பொருத்தமாக இருந்ததை அவள் கவனித்தாள்.

"எனக்கு அப்படித் தோணவே இல்லம்மா. அவங்களப் பாத்தா..." என்று நிறுத்தினார்.

அவரைக் கேட்க வைத்திருந்த நான்கு வார்த்தையும் அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் அது திரும்பி அவள் மடியிலேயே விழும். அவருக்காவது தோன்றவில்லை. அவள் மனசில் தங்கையைப் பிடிக்காத ஒரு மூலை இருந்தது, அன்று படிக்கட்டில் அந்த மூலையிலிருந்து பேசினாள். சரி என்று சொல்லிவிட்டு எழுந்தாள். எழுதியவரைக்கும் இருந்த அந்தச் சீட்டை அவர் நீட்டினார், எதற்கும் இதை எடுத்துவிடுங்கள் என்று. வாங்கிக்கொண்டு வந்தாள். எடுத்தும் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. நூறு வயது இருப்பீர்கள் என்று ரத்தம் பார்த்த லேப்காரன் சொன்னான்.

மெக்கானிக் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். புறப்படுவதற்கு முதல்நாள் மத்தியானம் பல் லேபுக்கு வந்தான். புதிதாகச் சேர்ந்த பெண் கதவைத் திறந்து, அவனைப் பார்த்துப் பயந்து, பாதி சாத்திவிட்டு மூத்தவளைக் கூப்பிட்டாள். அவன் அதைக் கண்டுகொள்ளாதவன்போல் இரண்டு படி இறங்கி நின்றுகொண்டான். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்டான். வைத்தால் சாப்பிடுகிறாள் என்றாள்.

"டாக்டர்கிட்ட வரச் சொல்லி அவ இங்க வந்தா இல்ல அக்கா, அன்னிக்கு வந்து என்ன சொன்னா தெரியுமா? அக்காவுக்குத் தலைக்கு மேல வேலை, அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன்னு சொல்லிச்சுன்னா. அப்புறம் நான்தான் உங்கள ஞாபகப்படுத்தாம விட்டுட்டேன். அது ஒண்ணுதான் மனசுல அறுத்துட்டே இருக்கு."

மூத்தவள் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். இல்லை, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லத் தொடங்கினாள். "தம்பி, நான் அன்னைக்கு" என்பதுவரை வந்தது. அதற்கு மேல் முகம் கோணிக்கொண்டு கண்ணில் நீர் கொட்டியது. அவன் பதறிவிட்டான்.

"வேணாம்க்கா, ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது, அவமேல எவ்வளவு உசுரா இருந்தீங்கன்னு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் அதை நம்பித்தான் சொன்னான். அவளும் மறுக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லச் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான்.

தகவல் ஒன்றும் வரவில்லை. அவளும் விசாரிக்கவில்லை.